எம்.எஸ். ஆபீஸ் சந்தா நடப்பில் இருக்கிறதா? – வாசகர் கேள்வி-பதில்

கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் ஆபீஸ் சந்தா குறித்துக் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வேர்டைத் திறந்தால் சில நாளாக மேலே ஒரு மஞ்சள் பட்டை வருகிறது. சந்தா முடிந்துவிட்டதா, இன்னும் ஓடுகிறதா என்று எங்கே பார்ப்பது? கடையில் மூன்று கணினி. எதற்கு எந்த மெயிலில் வாங்கினோம் என்பதும் நினைவில்லை.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பட்டையில் உள்ள பொத்தானை அவசரப்பட்டு அழுத்தி, பணம் கட்டிவிடாதீர்கள். சந்தா முடிந்தால் மட்டும்தான் அந்தப் பட்டை வரும் என்றில்லை. கணினி பல நாளாக இணையத்தைத் தொடாமல் இருந்தாலும், வேறொரு மெயிலில் உள்நுழைந்திருந்தாலும், கடவுச்சொல் மாறியிருந்தாலும் அதே மஞ்சள்தான். முதலில் கணினியைக் கேளுங்கள், பிறகு கணக்கைக் கேளுங்கள்.

கணினியில் பார்ப்பது இப்படி. வேர்ட் அல்லது எக்செலைத் திறந்து, இடது மேல் மூலையில் ‘ஃபைல்’, பிறகு இடப்பக்கப் பட்டியலின் அடியில் ‘அக்கவுன்ட்’. திரை சிறியதாக இருந்தால் இது ‘மோர்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். திறக்கும் பக்கத்தின் வலப்பாதியில் ‘பிராடக்ட் இன்ஃபர்மேஷன்’ என்ற தலைப்பு உண்டு. அதன் கீழே மூன்றில் ஒன்று இருக்கும்.

‘சப்ஸ்கிரிப்ஷன் பிராடக்ட்’ என்று போட்டு, மைக்ரோசாஃப்ட் 365 என்ற பெயரும், அதையடுத்து ‘பிலாங்ஸ் டு’ என்று ஒரு மெயில் முகவரியும் இருந்தால் அது சந்தா. அந்த முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று கணினிக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

‘பிராடக்ட் ஆக்டிவேட்டட்’ என்று போட்டு, பெயரில் 2019, 2021, 2024 என்று ஒரு வருடம் இருந்தால் அது ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது. அதற்குச் சந்தாவே கிடையாது. புதுப்பிக்கச் சொல்லி யார் மெயில் அனுப்பினாலும் அந்தக் கணினிக்கு அது பொருந்தாது.

‘ஆக்டிவேஷன் ரிக்வயர்ட்’ என்றோ, மேலே தலைப்புப் பட்டையில் ‘அன்லைசென்ஸ்ட் பிராடக்ட்’ என்றோ இருந்தால், இப்போதைக்கு அந்தக் கணினியில் செல்லுபடியாகும் உரிமம் இல்லை. சந்தா வேறு மெயிலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கவும் கூடும்.

சந்தா முடியும் தேதி பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் கிடைக்காது. அதற்குக் கணக்குப் பக்கம் போக வேண்டும். பிரௌசரில் ‘அக்கவுன்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம்’ என்ற முகவரியை நீங்களே டைப் செய்து, எழுதி வைத்த மெயிலில் உள்நுழையுங்கள். ‘சர்வீசஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற பகுதியில் திட்டத்தின் பெயரும் அதற்குப் பக்கத்தில் ஒரு தேதியும் இருக்கும். ‘ரெக்கரிங் பில்லிங்’ ஆன் என்றிருந்தால் அது அடுத்த பணம் எடுக்கும் தேதி. ஆஃப் என்றிருந்தால் அது சந்தா முடியும் தேதி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள். ஏற்கெனவே முடிந்துபோன சந்தாக்கள் அதே பக்கத்தில் தனியாகக் கீழே இருக்கும், அதையும் பாருங்கள்.

எந்த மெயிலில் வாங்கினோம் என்று தெரியாவிட்டால், கடையில் பயன்படுத்தும் ஒவ்வொரு மெயில் பெட்டியிலும் ‘மைக்ரோசாஃப்ட் 365’ என்று தேடுங்கள். வாங்கிய அன்று வந்த ஆர்டர் உறுதி மெயில் எங்கே இருக்கிறதோ, சந்தாவும் பெரும்பாலும் அங்கேதான். ஜிமெயில் முகவரியிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்க முடியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவுட்லுக், ஹாட்மெயிலோடு நிறுத்தாதீர்கள். செல்பேசி எண்ணை வைத்துத் திறந்த கணக்காகவும் இருக்கலாம்.

சந்தாவை செல்பேசியில் பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால், பணம் தொடர்பான கட்டுப்பாடு அங்கேதான். பிளே ஸ்டோரில் வலது மேலே உள்ள உங்கள் படம், ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, பிறகு ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, மேலே உங்கள் பெயர், ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இன் பர்சனல், ஃபேமிலி திட்டங்கள் வீட்டு உபயோகத்துக்கு உரிமம் பெற்றவை. பணம் வாங்கிக்கொண்டு டைப் செய்து தரும் கடைக்கு பிசினஸ் திட்டமோ, ஒரே தடவை வாங்கும் ‘ஹோம் அண்ட் பிசினஸ்’ பதிப்போதான் முறை. அடுத்த தடவை புதுப்பிக்கும்போது இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முந்திரி வியாபாரம். ஆண்டுக்கொரு முறை கார்டிலிருந்து தானாகப் பணம் போகும் என்றுதான் இருந்தோம். இந்த வருடம் பணம் எடுக்கப்படவே இல்லை, எக்செலும் வேலை செய்யவில்லை. கார்டில் பணம் இருந்தது. என்ன கோளாறு?
– வாசகர், பண்ருட்டி

பதில்: கோளாறு பெரும்பாலும் கார்டுக்குக் கொடுத்த அனுமதியில்தான் இருக்கும். தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி இ-மேண்டேட் எனப்படும் அனுமதியை ஓடிபி போட்டு ஒரு தடவை பதிவு செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி குறுஞ்செய்தியோ மெயிலோ அனுப்பும். ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரை, பதிவு செய்த பிறகு மறுபடி ஓடிபி தேவையில்லை.

இதில் தவறுவது எங்கே? பழைய கார்டு காலாவதியாகி வங்கி புதிய எண்ணில் கார்டு தந்திருந்தால், பழைய அனுமதி அதோடு போயிற்று. கார்டில் இணைய வர்த்தகத்தையோ வெளிநாட்டுப் பரிவர்த்தனையையோ அணைத்து வைத்திருந்தாலும் வங்கி மறுத்துவிடும். வங்கியில் கொடுத்த செல்பேசி எண் மாறியிருந்தால், முன்னறிவிப்பு பழைய எண்ணுக்குப் போயிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பார்க்க வேண்டிய இடம் இரண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் ‘பேமென்ட் அண்ட் பில்லிங்’ பகுதிக்குள் ‘ஆர்டர் ஹிஸ்டரி’, ‘பேமென்ட் ஆப்ஷன்ஸ்’. முதலாவதில் கடைசியாக எந்தத் தேதியில் பணம் வந்தது என்பதும், இரண்டாவதில் எந்தக் கார்டு பதிவாகியிருக்கிறது என்பதும் தெரியும். வங்கி ஆப்பில் இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற பிரிவில் அனுமதி உயிருடன் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்குப் பக்கத்தில் புதிய கார்டைச் சேர்த்து, பணத்தைக் கையோடு கட்டிவிடலாம்.

ஆண்டுதோறும் இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, 12 மாதத்துக்கான சாவி எண்ணை நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குவது. 25 எழுத்து-எண் கொண்ட அந்தச் சாவியை ‘மைக்ரோசாஃப்ட் 365 டாட் காம், சாய்கோடு, செட்டப்’ என்ற பக்கத்தில், பழைய சந்தா உள்ள அதே மெயிலில் நுழைந்து போட வேண்டும். இருக்கும் காலத்தோடு புதிய 12 மாதம் சேர்ந்துகொள்ளும், முன்கூட்டிப் போடுவதால் ஒரு நாளும் வீணாகாது. வீட்டுத் திட்டங்களில் இப்படி ஐந்து ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். இப்போது இருப்பது எந்தத் திட்டமோ அதே திட்டத்தின் சாவியாகப் பார்த்து வாங்குங்கள். போட்ட பிறகு கணக்குப் பக்கத்தில் தேதி ஓராண்டு தள்ளிப் போயிருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய லேப்டாப்பில் ஆபீஸ் வாழ்நாள் முழுக்க என்று கடையில் சொன்னார்கள். இப்போது ‘உங்கள் சந்தா முடியப் போகிறது’ என்று வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். பல லேப்டாப்களில் இப்போது இரண்டு பொருள்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று ‘ஆபீஸ் ஹோம் 2024’, அது அந்த லேப்டாப் உள்ளவரை உங்களுடையது. மற்றொன்று ‘மைக்ரோசாஃப்ட் 365 பேசிக்’, அது ஓராண்டுக்கு மட்டும். பேசிக் என்பது முக்கியமாக ஒன்டிரைவில், அதாவது கோப்புகளை இணையத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையில், 100 ஜிபி இடம். கணினியில் நிறுவும் வேர்ட், எக்செல் அதில் கிடையாது. முடியப் போவது இதுவாகத்தான் இருக்கும்.

முதல் பதிலில் சொன்ன ‘அக்கவுன்ட்’ பக்கத்தில் ஆபீஸ் ஹோம் 2024 என்றும் ‘ஆக்டிவேட்டட்’ என்றும் இருந்தால், பேசிக்கைப் புதுப்பிக்காவிட்டாலும் வேர்ட் நிற்காது. ஒன்டிரைவில் இலவச அளவான 5 ஜிபிக்கு மேல் வைத்திருந்தால் மட்டும் முன்கூட்டியே கீழிறக்கிக்கொள்ளுங்கள்.

புது லேப்டாப் வாங்கும் மற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உடன் வரும் ஆபீஸை, விண்டோஸ் செயல்படத் தொடங்கிய 180 நாளுக்குள் உங்கள் மெயிலில் பதிவு செய்தாக வேண்டும். அதுவரை பெட்டியில் எழுதியிருப்பது வெறும் உரிமை, கையில் வந்த உரிமம் அல்ல. பதிவு செய்யும்போது கடைக்காரர் தன் மெயிலைப் போட விடாதீர்கள். பிறகு விண்டோஸை அழித்து மறுபடி நிறுவும் நாளில் அந்த மெயில்தான் சாவி.

கேள்வி: அண்ணன் பிரான்சில் இருக்கிறார். அவருடைய ஃபேமிலி திட்டத்தில் என்னையும் சேர்த்திருக்கிறார். என் கணக்கில் பார்த்தால் பணம், புதுப்பிப்பு எதுவும் தெரியவில்லை. எனக்குச் சந்தா இருக்கிறதா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருக்கிறது என்றால் உங்கள் ‘சர்வீசஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி என்ற பெயரும், அது உங்களோடு பகிரப்பட்டது என்ற குறிப்பும் தெரியும். பணம், தேதி, ரத்து செய்வது எல்லாம் அண்ணனின் பக்கத்தில் மட்டுமே. அவர் தன் பக்கத்தில் ‘ஷேரிங்’ பகுதியைத் திறந்து உங்கள் பெயர் உள்ளதா என்று பார்த்துச் சொல்லட்டும். அழைப்பு அனுப்பியும் நீங்கள் அந்த மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தி ஏற்காமல் விட்டிருந்தால், அவர் பட்டியலில் அது ஏற்கப்படாத அழைப்பாகவே நிற்கும்.

ஒரு ஃபேமிலி திட்டத்தில் ஆறு பேர் வரை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 1 டிபி இடம், ஒரே நேரத்தில் ஐந்து கருவி வரை. உங்கள் கோப்புகளை அண்ணனால் பார்க்க முடியாது, அவருடையதை உங்களாலும் முடியாது. ஆனால் அவர் சந்தாவை நிறுத்தினால் உங்களுக்கும் நின்றுவிடும், ஆகவே புதுப்பிக்கும் தேதியை அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய லேப்டாப்பில் மெனு பிரெஞ்சில் இருந்தால் மிரள வேண்டாம். மேலே முதல் மெனு, அதன் பட்டியலில் அடியிலிருந்து தேடினால் முதல் பதிலில் சொன்ன ‘அக்கவுன்ட்’ பக்கம் கிடைத்துவிடும்.

கேள்வி: கணினி சர்வீஸ் செய்பவர் குறைந்த விலைக்கு ஆபீஸ் போட்டுக் கொடுத்தார். ‘பிராடக்ட் ஆக்டிவேட்டட்’ என்றுதான் காட்டுகிறது. ஆனால் பில் இல்லை, மெயிலும் கேட்கவில்லை. இது நல்ல உரிமம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஓய்வு பெற்றவர், நெய்வேலி

பதில்: மிகவும் தேவையான கேள்வி. ‘ஆக்டிவேட்டட்’ என்ற எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. உள்ளே போய்ப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவு கிடையாது, எதையும் கெடுக்காது.

சி டிரைவில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, அதற்குள் ‘மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்’, அதற்குள் ‘ஆபீஸ்16’ என்ற கோப்புறையைத் திறங்கள். 2016 முதல் 2024 வரை எல்லாப் பதிப்புக்கும் உள் எண் 16-தான், அதனால் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 32 பிட் ஆபீஸ் என்றால் ‘புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86’ என்பதற்குள் இருக்கும். அந்தக் கோப்புறை திறந்திருக்கும்போது மேலே உள்ள முகவரிப் பட்டையில் சொடுக்கி, சி-எம்-டி என்ற மூன்று எழுத்தை டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் ‘சிஸ்க்ரிப்ட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, ஓ-எஸ்-பி-பி டாட் வி-பி-எஸ், ஓர் இடைவெளி, சாய்கோடு (/), இடைவெளி விடாமல் ‘டிஸ்டேட்டஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். ‘சிஸ்க்ரிப்ட்’ என்பதற்கு எழுத்துகள் சி-எஸ்-சி-ஆர்-ஐ-பி-டி. ‘டிஸ்டேட்டஸ்’ என்பது டி என்ற எழுத்தோடு ஸ்டேட்டஸ் சேர்ந்தது.

வரும் வரிகளில் ‘லைசென்ஸ் டிஸ்க்ரிப்ஷன்’ என்பதைத் தேடுங்கள். அங்கே ‘ரீடெய்ல் சேனல்’ என்றிருந்தால் கடையில் விற்கும் வகை. ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்றிருந்தால் அது நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாக வாங்கும் வகை. அந்த வகை, நிறுவனத்தின் சர்வரை 180 நாளுக்குள் தொடர்புகொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ‘ரிமெய்னிங் கிரேஸ்’ என்ற வரியில் மீதி நாள் தெரியும். வீட்டுக் கணினிக்கு அப்படியொரு சர்வர் ஏது? சட்டவிரோத ஆக்டிவேட்டர் நிரல் ஒன்று உள்ளே உட்கார்ந்து அந்த சர்வர் போல நடிக்கிறது என்பதே இதற்குப் பெரும்பாலும் பொருள்.

அந்த நிரல் வேலை செய்ய வேண்டுமானால் ஆன்டிவைரஸ் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. அதற்காக விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போவார்கள். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’, ‘மேனேஜ் செட்டிங்ஸ்’, அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று போய்ப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத கோப்புறை எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். ஓய்வூதியக் கணக்கை அதே கணினியில் திறப்பவர் என்றால் இதை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

வேறொரு வகை ஏமாற்றும் உண்டு. ‘பிலாங்ஸ் டு’ வரியில் உங்களுக்குத் தெரியாத, ‘ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம்’ என்று முடியும் முகவரி இருக்கும். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் உங்களை ஒரு பயனராகச் சேர்த்து, வாழ்நாள் சந்தா என்று விற்றிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் நிர்வாகி எந்த நாளும் துண்டிக்கலாம். அதைவிட மோசம், அந்தக் கணக்கின் ஒன்டிரைவில் நீங்கள் வைக்கும் கோப்புகளை அவரால் திறக்க முடியும். ஆதார், பான் நகல் அதில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 வீட்டுச் சந்தாவுக்கு இந்தக் கட்டளை எதையும் காட்டாமல் போகலாம், அதன் உரிமம் வேறு முறையில் பதிவாகிறது. அது குற்றமல்ல. அவர்களுக்குக் கணக்குப் பக்கமே சாட்சி.

கேள்வி: கணக்குப் பக்கத்தில் சந்தா ‘ஆக்டிவ்’. ஆனால் வேர்டில் ‘அன்லைசென்ஸ்ட்’. பணமும் கட்டியாயிற்று, என்ன செய்வது?
– வாசகர், வில்லியனூர்

பதில்: சந்தா நல்லபடியாக இருக்கிறது. கணினி அதை அறியவில்லை, அவ்வளவுதான். எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

கணினியின் தேதி சரியா? பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது, உரிமம் சரிபார்ப்பும் நடக்காது. ‘செட்டிங்ஸ்’, ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, ‘டேட் அண்ட் டைம்’, ‘சிங்க் நவ்’. மறுநாளும் தேதி மாறியிருந்தால் 3 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள்.

அடுத்து, சந்தா செயலிகள் மாதம் ஒரு தடவையாவது இணையத்தைத் தொட்டு உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். தேர்வுக் காலத்தில் இணையம் துண்டித்து வைத்த கணினியில் இதுதான் நடக்கும். இணைத்துவிட்டு வேர்டை மூடித் திறந்தால் போதும்.

ஒரே மெயிலில் வீட்டுக் கணக்கும் அலுவலகக் கணக்கும் இருந்தால், உள்நுழையும்போது ‘பர்சனல்’, ‘வொர்க் ஆர் ஸ்கூல்’ என்று இரண்டு கேட்கும். சந்தா எதில் உள்ளதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு சொடுக்கில் தவறிவிட்டு நாள்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

லேப்டாப்போடு வந்த ஆபீஸும், பிறகு நீங்கள் நிறுவிய 365-ம் சேர்ந்தே இருக்கின்றனவா? ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்ட் ஆப்ஸ்’ பட்டியலில் ஆபீஸ் பெயர் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். பழையதன் உரிமக் கோரிக்கை புதியதை மறைத்துவிடும்.

இத்தனைக்கும் மசியவில்லையென்றால், வேர்டில் ‘அக்கவுன்ட்’ பக்கத்தில் ‘சைன் அவுட்’ செய்து எல்லா ஆபீஸ் சாளரத்தையும் மூடுங்கள். கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ போய், ‘மைக்ரோசாஃப்ட்ஆபீஸ்16’ என்று தொடங்கும் பதிவுகளை மட்டும் நீக்கி, கணினியை மறுபடி இயக்கி, வேர்டில் உள்நுழையுங்கள். மற்ற பதிவுகளைத் தொடாதீர்கள், அவை உங்கள் வேறு கடவுச்சொற்கள். அதன்பிறகும் சரியாகாவிட்டால் விண்டோஸில் உள்ள ‘கெட் ஹெல்ப்’ செயலியில் ஆபீஸ் ஆக்டிவேஷன் என்று தேடி, அதன் தானியங்கிச் சோதனையை ஓட்டுங்கள். ஆபீஸை அழித்து மறுபடி நிறுவுவது கடைசி வழி. முதலில் அதைச் செய்வதால் நேரமும் டேட்டாவும்தான் போகும்.

கேள்வி: கல்லூரி மெயிலில் கிடைத்த ஆபீஸை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். படிப்பு முடிந்ததும் நிற்குமா?
– மாணவர், சிதம்பரம்

பதில்: நிற்கும். என்றைக்கு என்பதைக் கல்லூரி நிர்வாகம் முடிவு செய்கிறது. ‘மைஅக்கவுன்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம்’ போய் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் என்ன உரிமம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த வகைக் கணக்கில் முடியும் தேதி உங்களுக்குத் தெரியாது, கல்லூரியின் கணினிப் பிரிவில்தான் கேட்க வேண்டும். புராஜெக்ட், சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் கடைசித் தேர்வுக்கு முன்பே சொந்தக் கணக்குக்கோ பென் டிரைவுக்கோ மாற்றுங்கள். வேலை விண்ணப்பங்களில் அந்தக் கல்லூரி மெயிலைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: ‘ஆபீஸ் சந்தா முடிந்தது, 24 மணி நேரத்தில் கோப்புகள் அழியும்’ என்று மெயில். அழைத்தும் பேசினார்கள், கணினியைத் தொலைவிலிருந்து சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள்.
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: மோசடி. சந்தா முடிந்த 24 மணி நேரத்தில் எந்தக் கோப்பும் அழியாது. மைக்ரோசாஃப்ட் தானாக உங்களை அழைத்துப் பேசாது. மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், முதல் பதிலில் சொன்ன கணக்குப் பக்கத்தை நீங்களே டைப் செய்து திறந்து தேதியைப் பாருங்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை ஏற்கெனவே நிறுவ விட்டிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, அதை நீக்கி, வேறு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: நான்கு பேர் வேலை செய்யும் சரக்கு முன்பதிவு அலுவலகம். பிசினஸ் திட்டம் வைத்திருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் எக்செல் திறக்கவில்லை. மொத்தச் சந்தாவையும் எங்கே பார்ப்பது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நிர்வாகி மெயிலில் ‘அட்மின் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம்’. ‘பில்லிங்’ பகுதியில் ‘யுவர் பிராடக்ட்ஸ்’ திறந்தால் திட்டம், நிலை, தேதி எல்லாம் இருக்கும். அதே பகுதியில் ‘லைசென்சஸ்’ என்பதில் எத்தனை உரிமம் வாங்கினீர்கள், எத்தனை ஒதுக்கியாயிற்று என்று தெரியும். நான்கு வாங்கி, வேலையை விட்டுப் போனவர் பெயரில் ஒன்று தங்கியிருந்தால், புதியவருக்கு உரிமம் கிடைத்திருக்காது. ‘யூசர்ஸ்’, ‘ஆக்டிவ் யூசர்ஸ்’ போய்ப் பழையவரின் உரிமத்தை எடுத்துப் புதியவருக்குக் கொடுங்கள். எடுப்பதற்கு முன் அவருடைய மெயிலையும் ஒன்டிரைவையும் நகல் எடுத்து வைப்பது அவசியம்.

அவருக்குக் கொடுத்தது ‘பிசினஸ் பேசிக்’ என்றால் அதில் கணினியில் நிறுவும் எக்செல் இல்லை, பிரௌசரில் திறப்பது மட்டுமே. ‘பிசினஸ் ஸ்டாண்டர்ட்’ வேண்டும். பிசினஸ் சந்தா முடிந்தால் பெரும்பாலும் முதல் 30 நாள் வழக்கம்போல ஓடும், அடுத்த 90 நாள் நிர்வாகிக்கு மட்டும் தரவு எட்டும், பிறகு அழிக்கப்படும். பில் விவரங்களெல்லாம் அதில் வைத்திருப்பவர்கள் அந்தக் கடைசிக் கட்டம்வரை விடக்கூடாது.

கேள்வி: இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. என் கோப்புகள் என்ன ஆகும்?
– ஆசிரியர், விருத்தாசலம்

பதில்: கணினியில் உள்ளவை உங்களுடையவை, எதுவும் ஆகாது. வீட்டுச் சந்தா முடிந்த பிறகு ஏறத்தாழ 30 நாள் செயலிகள் எச்சரிக்கையோடு ஓடும். பிறகு திறந்து படிக்கலாம், அச்செடுக்கலாம், ஆனால் திருத்தவோ புதிதாக உருவாக்கவோ முடியாது. பொத்தான்கள் சாம்பல் நிறமாகிவிடும்.

கவனம் வேண்டியது ஒன்டிரைவில். 1 டிபி இடம் 5 ஜிபிக்குச் சுருங்கும். அதற்கு மேல் வைத்திருந்தால் புதிதாக ஏற்ற முடியாது, ஏற்கெனவே இருப்பதைக் கீழிறக்க மட்டும் முடியும். அதே நிலையில் ஆறு மாதத்துக்கு மேல் விட்டால் மைக்ரோசாஃப்ட் அவற்றை அழிக்கலாம். அவுட்லுக் மெயிலோடு வரும் அட்டாச்மென்ட் கோப்புகளும் அதே இடக் கணக்கில் சேர்வதால், அளவு மீறினால் மெயில் வருவதும் போவதும்கூட நின்றுவிடும். பள்ளித் தகவலை எதிர்பார்த்திருக்கும் நேரத்தில் அது பெரிய இடைஞ்சல்.

ஆகவே தேதிக்கு முன்பே இடத்தைப் பாருங்கள். ஒன்டிரைவ் இணையப் பக்கத்தின் இடது அடியில் எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்று காட்டும். கணினியில் ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருப்பது போலத் தோன்றும், ஆனால் மேகக் குறி போட்டவை கணினியில் இல்லை, வெறும் பெயர்தான். கோப்புறை மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்கள். எல்லாவற்றிலும் பச்சை வட்டம் நிரம்பிய பிறகே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் நகலெடுக்கும்போதே கீழிறக்கம் நடந்து, இணையம் மெதுவான இடத்தில் பாதியில் நின்றுவிடும்.

பிறகு வேலைக்கு என்ன செய்வது என்றால், பிரௌசரில் திறக்கும் வேர்டும் எக்செலும் அதே மெயிலில் இலவசம். இணையம் இல்லாமல் வேலை செய்ய லிப்ரெஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது, வேர்ட் கோப்புகளையும் திறக்கும். வினாத்தாள்களைப் பழைய, யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருவில் டைப் செய்திருந்தால், அதே எழுத்துருக் கோப்பைக் கணினியில் நிறுவியிருந்தால்தான் அங்கேயும் தமிழாகத் தெரியும். எழுத்துருவையும் கோப்புகளோடு சேர்த்து நகலெடுத்து வையுங்கள்.